தொப்பிக்கும் பில் வாங்குங்கள்: கூரை வேலைக்காரன் ஒருவனின் வெயில் கணக்கு

வெயிலுக்காக வாங்கிய தொப்பியின் பில்லை வெயிலே அழித்துவிட்டது. தக்கலையிலிருந்து ஷீட் ஏற்றிப் போகும் என் சின்ன லோடு வண்டியின் முன்கண்ணாடிக்கு அடியில் ஒரு ஏப்ரல் மாதம் முழுக்க அது கிடந்தது. மே மாதம் எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத்தாள். கடைப்பெயர் இல்லை, தேதி இல்லை, தொகை இல்லை. ஆடிட்டர் அலுவலகத்தில் என் கணக்கைப் பார்க்கும் பெண் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதில் நான் என்ன எழுதட்டும்?" என்று கேட்டார்.

நான் ட்ரஸ் வேலை செய்கிறேன். இரும்புக் குழாய் வெல்டிங் செய்து, மேலே ஷீட் போட்டுக் கொடுக்கும் வேலை. என்னையும் சேர்த்து ஆறு பேர். 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்த பிறகு எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் கூரை ஓடும் கூரை ஷீட்டும் பறந்து போகாத தெரு குறைவு. அந்த வருடம் வந்த வேலையில்தான் நான் தனியாகத் தொழில் தொடங்கினேன். அதற்கு முன்பு ஆறு வருடம் துபாய். அங்கே இப்போது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் ஆளை வேலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. இங்கே நமக்கு நாமேதான் விதி. கன்னியாகுமரி நிலநடுக்கோட்டிலிருந்து 8 டிகிரி வடக்கே இருப்பதால், ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். நட்டு வைத்த தூணுக்கு நிழல் விழாது. புது ஷீட்டின் மேல் நிற்பவனுக்கு மேலே ஒரு வெயில், காலுக்குக் கீழே இன்னொரு வெயில்.

அந்தக் கீழ் வெயில்தான் என் கண்ணைக் கெடுத்தது. இடது கண்ணின் வெள்ளைப் பகுதியில், மூக்குப் பக்கமாகச் சதை வளரத் தொடங்கியது. வருடக்கணக்கில் வெயிலிலும் தூசியிலும் நின்று வேலை செய்பவர்களுக்கு இது வரும் என்று கண் மருத்துவர் சொன்னார். கண்ணாடி போடாமல் இனிக் கூரையில் ஏறாதே என்றும் சொன்னார். அன்றைக்குத் தொடங்கியது இந்தச் செலவு. அதைத் தொழில் கணக்கில் எப்படி எழுதுவது, எதை எழுதக் கூடாது என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வருடம் ஆயிற்று.

முதலில், பலருக்குப் பிடிக்காத ஒரு செய்தி. நீங்கள் 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவின்படி ரிட்டர்ன் போடுகிறவர் என்றால் தொப்பிக்கும் கண்ணாடிக்கும் தனியாகக் கழிவு கேட்க, அதாவது அந்தச் செலவை வருமானத்திலிருந்து கழித்துக் காட்ட முடியாது. கணக்குப் புத்தகம் வைக்காமல், வங்கி வழியாக வந்த வரவில் 6 சதவீதம், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம், குறைந்தது இவ்வளவு லாபம் என்று ஒப்புக்கொள்ளும் முறை அது. ஆண்டு வரவு 2 கோடி ரூபாய்க்குள் இருந்தால் போதும். ரொக்க வரவு 5 சதவீதத்துக்கு மேல் போகவில்லை என்றால் 3 கோடி வரை. நூறு ரூபாய் வரவில் மீதி 94 ரூபாயிலோ 92 ரூபாயிலோ எல்லாச் செலவும் அடங்கிவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. டீசலும் அதற்குள்தான், தொப்பியும் அதற்குள்தான். நம் ஊர்க் கொத்தனார், பெயிண்டர், பிளம்பர் என்று ரிட்டர்ன் போடுகிறவர்களில் எனக்குத் தெரிந்த முக்கால்வாசிப் பேர் இந்த முறைதான். சுகம் என்று பெயர் வைத்த ஐடிஆர் 4 படிவம் உங்களுடையது என்றால், வருமான வரியைப் பொறுத்தவரை நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. ஜிஎஸ்டி பற்றிச் சொல்லும் இடத்துக்கும் விலை பற்றிச் சொல்லும் இடத்துக்கும் மட்டும் வந்து சேருங்கள்.

நானும் அந்த முறையில்தான் இருந்தேன். ஒரு வருடம் ஒரு பெரிய வேலைக்குப் பணம் வரவில்லை; 6 சதவீதம்கூட லாபம் இல்லை. உண்மையான கணக்கைக் காட்டி ரிட்டர்ன் போட்டேன். அப்படி ஒரு முறை வெளியே வந்தால் அடுத்த ஐந்து வருடம் திரும்ப உள்ளே போக முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. வருமானம் வரி விலக்கு வரம்பைத் தாண்டினால் தணிக்கையும் கட்டாயம். ஆகவே கணக்குப் புத்தகம், ஐடிஆர் 3, ஆடிட்டர் கட்டணம் எல்லாம் ஒன்றாக வந்தன. தொப்பிக்காக யாரும் இந்த வழிக்கு வராதீர்கள். ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்குத்தான் கீழே சொல்வது.

மாதச் சம்பளக்காரர்களுக்கும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ஆரல்வாய்மொழியில் காற்றாலைப் பராமரிப்புக்குப் போகும் பையன், கம்பெனி கொடுக்காத கண்ணாடியைத் தானே வாங்கினால் சம்பளத்திலிருந்து கழிக்க வழியில்லை. புதிய வரிமுறையில் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலையான கழிவு மட்டும்தான். வேலை கொடுப்பவர் வாங்கிக் கொடுத்தால் அவர் கணக்கில் அது செலவாகும். கேட்டு வாங்குவதுதான் வழி.

என் மைத்துனர் ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் டைல்ஸ் வேலை செய்கிறார். அங்கே வெயிலில் வேலை செய்கிறவர் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன் மூன்றையும் கழித்துக்கொள்ளலாம் என்று வரித்துறையே எழுதி வைத்திருக்கிறது. சம்பளத்துக்குப் போகிறவரும் கழிக்கலாம். 2002இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வந்து, 2003இல் அது வரித்துறையின் விளக்கமாக வெளிவந்தது. சொந்த உபயோகப் பங்கைப் பிரித்துக் காட்ட வேண்டும், முதலாளி பணம் திருப்பிக் கொடுத்திருந்தால் கேட்கக் கூடாது என்று நிபந்தனைகள் உண்டு. "உங்கள் ஊரிலும் இப்படித்தானே அத்தான்?" என்று போனில் கேட்டார். இல்லை. நம் சட்டத்தில் தொப்பி என்றும் கண்ணாடி என்றும் பெயர் சொல்லிப் பட்டியல் கிடையாது. 1961 சட்டத்தின் 37(1) பிரிவு சொல்வது ஒரே விஷயம்: முழுக்க முழுக்கத் தொழிலுக்காக மட்டும் செய்த செலவாக இருக்க வேண்டும், சொந்தச் செலவாக இருக்கக் கூடாது, மூலதனச் செலவாகவும் இருக்கக் கூடாது. (2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் வருடச் சட்டம் நடப்பில் இருப்பதால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. என் நாக்கில் பழைய எண்தான் வருகிறது, பொருள் மாறவில்லை.)

'முழுக்க' என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாப் பொருளும் தேறும் அல்லது தோற்கும்.

கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். என் தம்பி கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு நாகர்கோவிலில் 4,800 ரூபாய்க்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். மருத்துவர் சொன்னதுதானே என்ற தைரியத்தில் பில்லைத் தொழில் கோப்பில் வைத்தேன். ஆடிட்டர் அலுவலகத்து அதே பெண்தான் போன் செய்தார். "அண்ணே, இதைப் போட்டுக்கொண்டு கூரையில் ஏறினீர்களா, கல்யாண மேடையில் ஏறினீர்களா?" இரண்டிலும் என்றேன். "அப்படியென்றால் இது வேண்டாம்" என்று சிவப்பு மையால் அடித்துவிட்டார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. இப்போது வருடத்துக்கு 12 கண்ணாடி வாங்குகிறேன், ஒன்று 250 ரூபாய். பக்கவாட்டிலும் மறைப்பு உள்ள, 'யுவி 400' என்று எழுதிய பாதுகாப்புக் கண்ணாடி. கிரைண்டர் பொறி பட்டு ஆறு மாதத்தில் கீறிப் போகும். அதைப் போட்டுக்கொண்டு யாரும் கல்யாணத்துக்குப் போக மாட்டார்கள். அதுவே அதற்குச் சான்றிதழ். நிறம் கறுப்பாக இருப்பது மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். புற ஊதாக் கதிருக்கு (யுவி) தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடி கண்மணியை விரிய வைத்துக் கூடுதலாக அந்தக் கதிரை உள்ளே விடும். பஸ் நிலையத்தில் நூறு ரூபாய்க்குத் தொங்குவதை என் ஆட்களுக்கு நான் வாங்கிக் கொடுப்பதில்லை.

கண் மருத்துவமனையில் நான் கட்டிய பணம்? அது என் சொந்தச் செலவு. வெயிலால் வந்தது என்று எவ்வளவு வாதாடினாலும் என் உடம்புக்குச் செய்த மருத்துவம் தொழில் செலவாகாது என்று ஆடிட்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார். வேலை நேரத்தில் மயங்கி விழுந்த ஆளுக்கு நான் கட்டிய ஆஸ்பத்திரி பில்லை மட்டும் பணியாளர் நலச் செலவில் எழுதினார்.

சட்டை அடுத்த வம்பு. முழுக்கைப் பருத்திச் சட்டை வெயிலுக்கு நல்லது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கோ ஆலயத்துக்கோ போட்டுப் போகவும் நல்லது. அதனால் முதுகில் தொழில் பெயரை அச்சடித்தேன். அச்சோடு சேர்த்து 400 ரூபாய். ஒருவருக்கு இரண்டு வீதம் 12. அதன் பிறகு அந்தச் சட்டையைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. மண்டைக்காட்டில் ஒரு வேலையை முடித்துத் திரும்பும்போது அந்த முதுகைப் பார்த்தே அடுத்த தெருவில் ஒருவர் கூப்பிட்டு வேலை கொடுத்தார் என்பது வேறு கதை.

சன்ஸ்கிரீனுக்கு ஆட்களிடம்தான் முதல் எதிர்ப்பு. எங்கள் குழுவில் வயதில் மூத்த வெல்டர், "மக்களே, இந்த வயதில் நான் முகத்தில் பூசிக்கொண்டு யாரைப் பார்க்கப் போகிறேன்?" என்றார். பின்கழுத்துத் தோல் உரிந்து ஒரு வாரம் சட்டைக் காலர் போட முடியாமல் இருந்த பிறகு அவரே கேட்டு வாங்குகிறார். வெயிலைத் தடுக்கும் அளவைக் காட்டும் எஸ்பிஎஃப் எண் 30 இருந்தால் போதும். வேர்வையில் கரைவதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பூச வேண்டும். கணக்குக்காக நான் செய்வது: வேலைத்தளத்துக் கருவிப் பெட்டியில், முதலுதவிப் பொருளோடு அது இருக்கும், வீட்டுக்குப் போகாது. குளியலறை அலமாரியில் இருக்கும் குழாய் உங்களுடையதும் உங்கள் மனைவியுடையதும். அதைத் தொழிலில் எழுத நினைக்காதீர்கள். சம்பளப் பட்டியலில் ஆள் இல்லாமல் தனியாக வேலை செய்பவர் சன்ஸ்கிரீனை எழுதுவது எனக்குக் கொஞ்சம் பலவீனமாகத்தான் தெரிகிறது. ஆட்களுக்காக வாங்குகிறவர் உறுதியான தரையில் நிற்கிறார்.

ஹெல்மெட்டில் மாட்டும் கழுத்து மறைப்புத் துணி, ஷீட் வெட்டும் இடத்தில் கட்டும் தார்ப்பாய், தரையில் ஊன்றும் பெரிய குடை, இவற்றில் சிக்கலே இல்லை. கைக்குடையை விட்டுவிடுங்கள். நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. அந்தக் குடை யாருக்காக, எதற்காக விரிந்தது என்று நிரூபித்து முடியாது. தலையில் கட்டும் துவர்த்தையும் (துண்டு) நான் எழுதுவதில்லை. அது எல்லோர் வீட்டுக் கொடியிலும் காய்கிறது.

இனித் தாள் வேலை. பில் தொழில் பெயரில் இருக்க வேண்டும், என் பெயரிலோ என் மனைவி பெயரிலோ அல்ல. 'பொருட்கள்' என்று பொதுவாக எழுதிய பில்லை வாங்காதீர்கள்; 'பாதுகாப்புக் கண்ணாடி 12' என்று எழுதச் சொல்லுங்கள். நடப்புக் கணக்கிலிருந்து பணம் போகட்டும். ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவே கழியாது. வெப்பத்தால் அச்சாகும் வழவழப்பான பில்லை வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து, ஒரு நகலும் எடுத்துக் கோப்பில் வைத்துவிடுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதம் பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும். அந்தத் தாள் 72 நாள் தாங்கினால் பெரிது.

பில்லைவிட எனக்கு உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, ஆள் பெயர், பொருள், எண்ணிக்கை, கையெழுத்து. கண்ணாடி கீறிப்போய் மாற்றினால் பழையதை வாங்கிக்கொண்டு 'பதில்' என்று எழுதுவேன். பன்னிரண்டு கண்ணாடி வாங்கியதற்குப் பில் சாட்சி. அது ஆறு பேர் முகத்துக்குப் போனதற்கு இந்த நோட்டு சாட்சி. இல்லாத பொருளை எழுதி வைக்கும் எண்ணம் யாருக்காவது வந்தால் அவர்களுக்கு ஒன்று: வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் வரியில் 50 சதவீதம் அபராதம், பொய்ப் பதிவு எழுதிக் குறைத்தால் 200 சதவீதம்.

ஜிஎஸ்டி பதிவு இருந்தால், தொழிலுக்காக வாங்கிய இந்தப் பொருட்களின் வரியை இன்புட் கிரெடிட்டாக எடுக்கலாம், அதாவது நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். கடைக்காரர் தாக்கல் செய்து உங்கள் ஜிஎஸ்டிஆர் 2பி அறிக்கையில் அது தெரிய வேண்டும். வரவில் ஒரு நிலையான சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவருக்கு இது கிடையாது. கிரெடிட் எடுத்த வரித்தொகையைச் செலவிலும் சேர்த்து எழுதக் கூடாது. ஒன்று அங்கே, இல்லாவிட்டால் இங்கே. சொந்த உபயோகத்துக்கும் அன்பளிப்புக்கும் கிரெடிட் இல்லை என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நான் வருடம் இரண்டு தடவை ஆட்களுக்குச் சட்டை கொடுக்கிறேன். மார்ச்சில் கொடுப்பது வேலைச் சட்டை, கிரெடிட் உண்டு. கிறிஸ்துமஸுக்குக் கொடுப்பது அன்பளிப்பு, கிரெடிட் இல்லை. இரண்டையும் ஒரே கடையில், ஒரே பில்லில் வாங்கி ஒரு வருடம் மாட்டிக்கொண்டேன்.

இவ்வளவு செய்தால் என்ன மிச்சம்? என் கடந்த வருடக் கணக்கையே தருகிறேன். கழுத்து மறைப்பு 12, ஒன்று 120 வீதம் 1,440. சட்டை 4,800. கண்ணாடி 3,000. சன்ஸ்கிரீன் 24 குழாய், 300 வீதம் 7,200. தார்ப்பாய் 2,200. பெரிய குடை 1,400. மொத்தம் 20,040 ரூபாய். வருமானம் 12 லட்சத்தை நன்றாகத் தாண்டி, 15 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு இதில் 3,006 ரூபாய் வரி குறையும். 4 சதவீத செஸ்ஸையும் சேர்த்தால் 3,126. ஆனால் 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி போக வரியே இல்லை. அந்த வரம்புக்குள் இருக்கும் என் போன்றவனுக்கு இந்தக் கழிவால் வருமான வரியில் மிச்சம் பூஜ்யம். மூன்று வருடம் கற்றுக்கொண்ட வித்தைக்குக் கிடைத்த பலன் இது என்று தெரிந்த அன்று வீட்டில் சொல்லவில்லை.

பிறகு ஏன் எழுதுகிறேன்? எழுதிக் கூட்டிப் பார்த்ததால்தான் அந்த 20,040 என்ற எண் கண்ணில் பட்டது. அதுவரை அது டீக்காசு மாதிரி சட்டைப் பையிலிருந்து கரைந்துகொண்டிருந்தது. வருடத்துக்குச் சுமார் 24,000 சதுர அடி கூரை போடுகிறோம். வகுத்தால் சதுர அடிக்கு 84 காசு வருகிறது. இப்போது மதிப்பீடு எழுதும்போது ஷீட், குழாய், வெல்டிங் ராடு, கூலி என்ற வரிகளுக்குக் கீழே 'பணியாளர் பாதுகாப்பு' என்று ஒரு வரி போட்டு, சதுர அடிக்கு ஒரு ரூபாய் சேர்க்கிறேன். ஆயிரம் சதுர அடிக்கு ஆயிரம் ரூபாய். இதுவரை இரண்டு பேர்தான் அது என்ன என்று கேட்டார்கள். ஒருவர் கோட்டாற்றில் கடை வைத்திருப்பவர். மதியம் ஒரு மணிக்கு மொட்டை மாடிக்கு ஏறி வந்து, ஷீட்டில் கைவைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார். பணம் முழுதாக வந்தது. 44ஏடி முறையில் இருப்பவரும் இதைச் செய்யலாம், ஆடிட்டர் தேவையில்லை.

பில் கொடுக்க முடியாத இடத்தில் என்ன செய்வது என்பது ஒன்று பாக்கி. திங்கள்சந்தையில் ஓர் அம்மா பனையோலைத் தொப்பி விற்கிறார். தரையில் நின்று குழாய் வெட்டும் இரண்டு பேருக்கு ஹெல்மெட்டைவிட அது சுகம். காற்றும் போகும், கழுத்துக்கும் நிழல் விழும். அவரிடம் பில் புத்தகம் இருக்காது. இதற்கு ரொக்கச் சீட்டு ஒன்று எழுதிக்கொண்டால் போதும்: தேதி, இடம், 'ஓலைத் தொப்பி 4, வேலைத்தள உபயோகத்துக்கு', தொகை, வாங்கியவர் பெயர், விற்றவர் பெயர், கையெழுத்து. இதில் ஜிஎஸ்டி கிரெடிட் கிடையாது, செலவாக எழுதலாம். நான் சீட்டை நீட்டியபோது அந்த அம்மா சந்தேகமாகப் பார்த்து, "எதுக்கு, கடன் ஏதும் இல்லையே?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். இடுப்பிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டி, ஒவ்வொரு வரியாக வாசித்துவிட்டு, தொகைக்குக் கீழே 'பாக்கி இல்லை' என்று அவரே சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கோப்பில் இருக்கும் சீட்டுகளிலேயே ஆடிட்டர் அலுவலகத்தில் கேள்வி கேட்காமல் வாங்கி வைத்தது அதைத்தான்.